ஓடும் பிள்ளையின் கால்வலி

1500 மீட்டர் தூரம். 7 நிமிட நேரம். செங்கற்பட்டிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களிலும், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இவ்விரு எண்களையும் அறியாதார் மிகச் சிலரே. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்பும் ஆண்பிள்ளைகள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்பிள்ளைகள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடித்தல் வேண்டும் என்பது தேர்வு விதி. இதன்பொருட்டுக் கோழி கூவும் முன்னே எழுந்து, கொளவாய் ஏரியோரத்திலும், பள்ளி மைதானங்களிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளிம்பிலும் நம் பிள்ளைகள் ஓடுவதை நாள்தோறும் காண்கிறோம். காலைத் திருப்பலிக்குக் கதவு திறக்கும் வேளையில் வியர்வை சொட்டச் சொட்ட வாயிலைக் கடந்து செல்வோர் பலர். அவர்களுள் சிலர் நொண்டிச் செல்வதையும் காண்கிறோம். இம்மாதம் அந்த நொண்டலைக் குறித்தே எழுத விழைகிறோம்.

இல்லச் சந்திப்புக்குச் சென்ற ஓரிடத்தில் ஒரு தாய் நம்மிடம், "சாமி, இவன் வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லமாட்டேங்கிறான், ஆனா படி இறங்குறப்போ சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறான்" என்று முறையிட்டார். அருகிலிருந்த தந்தையோ, "வலிக்காம வேலை கிடைக்குமா சாமி? நான் வலை இழுத்து உடம்பு வலிக்காத நாள் உண்டா?" என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. உழைப்பினால் வரும் வலி வேறு, காயத்தினால் வரும் வலி வேறு என்பதே இங்குப் பெற்றோர் அறிய வேண்டுவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட வீடுகளில் பிள்ளைகள் மாதக்கணக்கில் படுத்துவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

முதலில் அந்த ஏழு நிமிடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 400 மீட்டர் வட்டத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. மொராக்கோ நாட்டின் இஷாம் எல் கெரூஜ் 1998-ஆம் ஆண்டு உரோமை நகரில் இதே தூரத்தை 3 நிமிடம் 26 விநாடியில் ஓடினார். அதுவே இன்றும் உலகச் சாதனை. நம் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது அதைப்போல் இரு மடங்கு நேரம். நோய்நொடியற்ற ஓர் இளைஞன் மூன்று நான்கு மாதம் நிதானமாகப் பழகினால் எட்டக்கூடிய இலக்கே இது. அங்ஙனமாயின் இத்தனை கால்கள் ஏன் கெடுகின்றன?

காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறியோரையே உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்பர். ஆகவே, எழுத்துத் தேர்வு முடியும் மட்டும் பிள்ளை புத்தகமும் கையுமாய் உட்கார்ந்திருக்கிறான். முடிவு வெளிவந்ததும் அவன் கையில் எஞ்சுபவை சில வாரங்களே. நேற்றுவரை உட்கார்ந்திருந்த கால்களை இன்று காலை ஐந்து கிலோமீட்டரும் மாலை ஐந்து கிலோமீட்டரும் ஓட்டுகிறான். முதல் வாரம் உடம்பு முழுதும் வலி. இரண்டாம் வாரம் அவ்வலி தணிந்து, மூச்சு சீராகி, "பழகிவிட்டது" என்னும் மகிழ்ச்சி பிறக்கிறது. ஓட்டத்தின் அளவை இன்னும் கூட்டுகிறான். மூன்றாம் நான்காம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, கணைக்காலின் உட்புற விளிம்பில், ஓரிடத்தில் குத்தல் தொடங்குகிறது.

இவ்வாறு மூன்றாம் வாரத்தில் அது தொடங்குவது தற்செயலன்று. எலும்பைக் கல்லைப்போல் மாறாத பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது நாள்தோறும் கரைந்து நாள்தோறும் கட்டப்படும் உயிருள்ள பொருள். ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. பழகாத அவ்விசையை ஏற்கத்தக்கவாறு எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள முற்படும். அத்திருத்தத்தில் பழைய பகுதியைக் கரைக்கும் உயிரணுக்களே முதலில் வருகின்றன. புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் பின்னரே வருகின்றன. கரைக்கும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கட்டும் வேலை முற்றுப்பெற மூன்று மாதமளவும் ஆகும். ஓட்டுவீட்டின் கூரையை மாற்றுகிறவன் பழைய ஓடுகளை இறக்கிவிட்டுப் புதிய ஓடுகளை ஏற்றுமுன் பெருமழை பிடித்துக்கொண்டால் வீட்டின் கதி என்னவோ, அதுவே இடைக்காலத்தில் இவ்வெலும்பின் கதியும். மூச்சும் தசையும் இரு வாரத்தில் தேறிவிடுகின்றன; எலும்போ அந்நேரத்தில்தான் மெலிந்து நிற்கிறது. தன்னை வலியவன் என்று பிள்ளை நம்பும் நாளும் அவனது எலும்பு மிக மெலிந்திருக்கும் நாளும் ஒன்றாகவே வந்து வாய்க்கின்றன.

இந்நோய் புதியதன்று. 1855-ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் என்பார், நெடுந்தூரம் அணிநடை நடந்த போர்வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதிவைத்தார். அக்காலத்தில் எக்ஸ்ரே கருவி இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அவ்வீக்கத்தின் அடியில் பாத எலும்பு மயிரிழைபோல் வெடித்திருப்பது தெரியவந்தது. அடிபடாமலும் கீழே விழாமலும், ஒரே சுமை மீண்டும் மீண்டும் ஏறுவதால் மட்டுமே எலும்பு வெடிக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் போர்வீரர்களின் கால்களிலிருந்தே கற்றுக்கொண்டது.

இங்கே எக்ஸ்ரே படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "படம் எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை" என்று மறுநாளே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வலி ஒரே இடத்தில் நீடிக்குமாயின் சில வாரம் கழித்து மீண்டும் படம் எடுக்க வேண்டியிருக்கலாம். அல்லது மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்துக்கு எழுதித் தரலாம். 1965-இல் தொடங்கப்பட்ட நம் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகிலேயே இருக்க, தைலக் கடைக்கும் சுளுக்கு வழிப்பவரிடத்துக்கும் நடையாய் நடப்பானேன்? சுளுக்கு வழிக்கும் பெரியவர்களை நாம் இழித்துரைக்கவில்லை. தசைப் பிடிப்புக்கு அவர்கள் கை நன்மை செய்ததை அறிவோம். ஆனால் வெடித்த எலும்பின்மேல் கட்டைவிரலை ஊன்றி எண்ணெய் விட்டு உருவுதல் ஆகாது.

வீட்டிலேயே பார்த்தறியக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. தசையின் வலி இரு கால்களிலும் பரவலாக இருக்கும். ஓடத் தொடங்கிச் சூடேறியதும் தணியும். இரண்டொரு நாளில் மறையும். எலும்பின் வலி ஒற்றைக் காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டத்தக்க இடத்தில் இருக்கும். ஓட ஓட மிகும். முதலில் ஓடிய பிறகு வலிக்கும். பின்பு ஓடும்போதே வலிக்கும். அதன்பின் நடக்கையிலும் வலிக்கும். கடைசியில் இரவில் பாயில் கிடக்கும்போதும் வலிக்கும். வலியுள்ள காலால் மட்டும் நின்று ஒரு முறை குதிக்கச் சொன்னால் பிள்ளையின் முகமே உண்மையைச் சொல்லிவிடும். கணைக்காலின் உட்புற விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலிப்பது பெரும்பாலும் எலும்பை மூடிய சவ்வு புண்பட்டதனால் ஆகும். ஓட்டத்தைக் குறைத்தால் அது ஆறும். ஆயினும் பொருட்படுத்தாமல் ஓடினால் அதுவும் முற்றக்கூடும். கணைக்காலின் முன்புற நடுப்பகுதியில் வலித்தாலோ, ஓடும்போது தொடை இடுக்கில் வலித்தாலோ, ஒரு நாளும் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவ்விடங்களில் வெடித்த எலும்பு எளிதில் கூடுவதில்லை. முற்றிலும் முறிந்தால் அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

வலி மாத்திரையைப் பற்றி நாம் கடுமையாகவே எழுதுகிறோம். நாமறிந்த இளைஞர் ஒருவர் நான்காம் வாரத்திலிருந்து நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு ஓடினார். அவர் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில் அது வழக்கம்போலும். தேர்வு நாளன்று இரண்டு மாத்திரை விழுங்கினார். மூன்றாம் சுற்றில் கால் மடங்கி உட்கார்ந்தவரைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. மாத்திரை எலும்பை ஆற்றவில்லை. எலும்பு எழுப்பிய கூக்குரலை அவர் செவிக்கு எட்டாமற் செய்தது, அவ்வளவே. வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிப்பன.

கடற்கரைப் பிள்ளைகளிடத்தில் வேறொரு நம்பிக்கை உண்டு. மணல் மெத்தை போன்றது, அதில் ஓடினால் கால் கெடாது என்பார்கள். பாதி உண்மை. மணலில் அடியின் அதிர்ச்சி குறையும். ஆனால் உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் ஆடுசதையும் குதிகாலின் பின்னுள்ள தடித்த நரம்பும் கூடுதலாக இழுபடும். கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி மணலில் செலவாகிறது என்று அளந்தே கண்டிருக்கிறார்கள். அலை நனைத்த ஈரமணல் கெட்டியாயிருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்து கிடப்பது. தேவநேரியிலிருந்து கடற்கரைக் கோயில் பக்கமாக ஒரே திசையில் ஓடுகிறவனுக்குக் கடற்பக்கத்துக் கால் எப்போதும் பள்ளத்தில், கரைப்பக்கத்துக் கால் எப்போதும் மேட்டில். போன வழியே திரும்பி ஓடினால் பாரம் மாறும். ஒரு வழி ஓடிவிட்டுப் பேருந்தில் திரும்புகிறவனுக்கு மாறாது. மணலில் வாரம் ஒருநாள் ஓடலாம். தேர்வு நடக்கும் மண் தரையைப் போன்ற மைதானத்திலேயே பெரும்பகுதி பழகுதல் நலம்.

பெற்றோர் கணக்கில் சேர்க்க மறப்பது பிள்ளையின் மற்ற உழைப்பு. இரவு படகேறி விடியலில் கரை சேர்ந்து, வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு ஓடப் போகிறவன் உண்டு. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடி இரவுப் பணி பார்த்துவிட்டு, நேரே மைதானத்துக்குப் போகிறவனும் உண்டு. கால் இவற்றையும் சுமையாகவே எண்ணுகிறது. இசுரேல் இராணுவ மருத்துவர்கள் கால்நூற்றாண்டு காலம் இச்சிக்கலோடு போராடி 2008-இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நினைக்கத்தக்கது. புதிய வீரர்களுக்கு இரவில் குறைந்தது ஆறு மணி நேர உறக்கத்தைக் கட்டாயமாக்கி, நடையின் மொத்த அளவையும் குறைத்தபோது எலும்பு வெடிப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று தட்டியெழுப்பும் தந்தையர் இதனைக் கருதுக.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தாய்மாரிடம் ஒரு சொல். கடுமையாக ஓடிக்கொண்டு போதிய உணவு உண்ணாத பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். சில வேளை நின்றேபோகும். "ஓடுவதால் அப்படித்தான்" என்று விட்டுவிடலாகாது. எலும்பைக் காக்கும் சுரப்பு குறைந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. அத்துடன் இரத்தச்சோகை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை உண்டு. அத்தகைய பெண்ணை வெறும் தேநீரோடு மைதானத்துக்கு அனுப்புகிறோம். விலையுயர்ந்த மாவுப் புட்டிகள் தேவையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, முட்டை, வேர்க்கடலை யாவும் நம் சந்தையிலேயே கிடைப்பன. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி சத்தும் கொடுத்துப் பார்த்ததில், எலும்பு வெடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததென 2008-இல் அறிவித்தார்கள்.

தவக்காலம் முழுதும் ஒருசந்தி இருந்துகொண்டே பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளைகளும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். திருச்சபைச் சட்டம் ஒருசந்தியைக் கட்டாயமாக்குவது சாம்பற்புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டுமே. அதுவும் பதினெட்டு வயது நிறைந்தோர்க்கே. உடல்நலம் குன்றியோர்க்கு விலக்கும் உண்டு. அவ்விரு நாள்களிலும் ஓடாதிருக்கலாம். மற்ற நாள்களில் வேறு ஒறுத்தல் செய்யலாம். இதனைப் பங்குக் குருக்கள் தாமே எடுத்துச் சொல்லுதல் நலம். பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

ஓய்வெடுத்தால் எல்லாம் போய்விடும் என்னும் அச்சமே பிள்ளைகளை வலியோடு ஓடச் செய்வது. பி.டி. உஷாவை அறியாதவர் இல்லை. 1986-ஆம் ஆண்டு சியோல் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம் வென்றார். ஈராண்டு கழித்து அதே சியோல் நகரில் ஒலிம்பிக் போட்டி; குதிகால் காயத்தோடு ஓடிய அவர் 400 மீட்டர்த் தடையோட்டத்தின் முதற்சுற்றிலேயே வெளியேறினார். கால் வலிக்கும்போது நேற்று வென்ற தங்கம் துணைக்கு வருவதில்லை. ஆனால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது அதற்கடுத்த பகுதியை. பின்னர் மணமாகித் தாயாகி, ஆண்டுக்கணக்கில் விலகியிருந்து, மீண்டும் பயிற்சி செய்து, 1998-இல் சப்பானிய நாட்டு ஃபுகுவோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 34. ஆண்டுகள் விலகியிருந்தவர்க்கே இது கூடுமாயின் இருபது வயதுக் காலுக்கு ஆறு வாரம் பெரிதா?

கணைக்காலின் உட்புற வெடிப்புக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓடாதிருக்க வேண்டும். ஓடாதிருத்தல் என்றால் படுத்துக் கிடத்தல் அன்று. வலியில்லாத அளவுக்கு மிதிவண்டி மிதிக்கலாம். கைகளுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யலாம். கயிறேறுதல் தேர்வில் இருப்பதால் தோள்வலிமை வீண்போகாது. நீந்துதலும் நன்றே, ஆனால் மாமல்லபுரக் கடலில் வேண்டா. அங்கே அலையின் உள்ளிழுப்பு எத்தனை வீடுகளை அழவைத்தது என்பதை இப்பகுதியார் அறிவர். அரைமணி நேரம் வலியின்றி நடக்க முடிந்து, அது சில நாள் நீடித்த பிறகு, ஒரு நிமிட மெல்லோட்டமும் இரண்டு நிமிட நடையுமாக, ஒன்றுவிட்டு ஒருநாள் தொடங்கலாம். வாரத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு மட்டும் கூட்டினால் காயம் வராது என்று ஒரு கணக்கைப் பயிற்சியாளர் பலர் வேதவாக்காகச் சொல்வர். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தார் புதிதாய் ஓடுவோரை இரு அணியாக்கி இதனைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். அவ்வாறு படிப்படியாகக் கூட்டிய அணியிலும் மற்ற அணியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காயமுற்றனர். எனவே எண்ணை நம்பிக் காலை மறத்தல் கூடாது. இன்று ஓடிய இடத்தில் நாளைக் காலை வலியிருக்குமாயின், நாளைக்கு ஓட்டம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், பேசிக்கொண்டே ஓடத்தக்க வேகத்தில் பிள்ளை ஓடிவந்தால் மேற்சொன்ன இடரில் பெரும்பகுதி எழாது. எலும்பு தன் கூரையை நிதானமாக மாற்றிக்கொள்ள அந்த மூன்று மாதம் போதும். படிப்புக்கும் அது குறைவன்று, நல்ல உறக்கம் வரும்.

தேர்வுக்கு முந்தின வாரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு செக் நாட்டு ஓட்டவீரர் எமில் சாட்டோபெக், ஐரோப்பியப் போட்டிக்குச் சில நாள் முன்புவரை நச்சுணவால் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். அவர் செய்துவந்த கடும்பயிற்சி உலகறிந்தது. பயிற்சியே இல்லாமற்போன அந்நாள்களுக்குப் பின் புருசெல்சு நகரம் சென்று 5000 மீட்டரிலும் 10000 மீட்டரிலும் வென்றார். களைத்திருந்த கால்கள் இளைப்பாறிவிட்டன. ஆதலால் கடைசி வாரம் பிள்ளை ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கட்டும். கடைசி இரு நாள் நடந்தால் போதும். புதுக் காலணி அன்று வேண்டா. பழகிய காலணியே நன்று. விடியலில் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் உண்டு, தண்ணீர் குடித்துச் செல்லட்டும். துப்பாக்கி ஒலித்ததும் கூட்டத்தோடு பாய்ந்து முதற் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடிக்கிறவர்களே மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். முதற் சுற்றுக்கு 108 விநாடி, கடைசிவரை அதே நடை. கையில் கடிகாரம் அனுமதிக்கப்படாவிடில், அந்த வேகத்தை மைதானத்தில் முன்கூட்டியே காலுக்குப் பழக்கிவைக்க வேண்டும்.